அரை ஓம் என்ன செய்யும்?

நம் வீட்டில் மின்சாரத்தில் இயங்கும் எந்தப் பொருளைத் திருப்பிப் பார்த்தாலும் அதன் அடியிலோ முதுகிலோ ஒரு சிறு தகடு ஒட்டியிருக்கும். அதில் 230 வோல்ட், 1500 வாட்ஸ் என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். கடையில் வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், கம்பெனியைப் பார்க்கிறோம், கியாரண்டி எத்தனை வருடம் என்று கேட்கிறோம். அந்த இரண்டு எண்களை மட்டும் யாரும் படிப்பதில்லை. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவோ நன்மை உண்டு. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

என்னைப் பற்றி ஒரு வரி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டெய்ரி ஃபார்மில் குடியிருந்து வயரிங் வேலை பார்த்து வருபவன். பெரிய படிப்பு இல்லை. நான் சொல்லப்போகும் கணக்குக்கும் பெரிய படிப்பு தேவையில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மூன்று சொற்கள்

நம் தீவில் ஒரே வீட்டில் மூன்று மொழி புழங்குகிறது. பள்ளிக்கூடப் பிள்ளை 'பிரதிரோத்' என்று இந்தியில் மனப்பாடம் செய்கிறது. அதன் அம்மா எல்லாவற்றையும் சேர்த்துக் 'கரண்ட்' என்கிறார். தாத்தாவுக்கு அது மின்சாரம். ஆனால் நம் தமிழ்ப் பாடப்புத்தகச் சொற்களைப் பாருங்கள், சொல்லே பொருளைச் சொல்லிவிடும். மின்னழுத்தம் என்றால் தள்ளுகிற விசை, அதை அளப்பது வோல்ட். மின்னோட்டம் என்றால் ஓடுகிற அளவு, அதை அளப்பது ஆம்பியர். மின்தடை என்றால் ஓட்டத்தை மறிக்கிற தடை, அதை அளப்பது ஓம்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி உள்ளவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம். குழாயில் வரும் தண்ணீர் ஓட்டம். குழாய் ஒடுங்கியிருந்தால் தடை.

இந்த மூன்றுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் சைமன் ஓம் என்ற ஜெர்மானியர். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒரு முனை கொதிநீரிலும் மறு முனை பனிக்கட்டியிலும் இருக்கும்படி இரண்டு உலோகங்களை இணைத்து, அதில் பிறந்த சிறு மின்சாரத்தை வைத்தே சோதனைகளைச் செய்தார். 1827ல் அதை நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் அப்போது அதைப் பெரிதாக மதித்தவர்கள் குறைவு. 1841ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்பவர், கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று காட்டினார். வர்க்கம் என்றால் ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவது.

இவர்கள் இருவரும் நமக்கு விட்டுச்சென்றது இவ்வளவுதான்:

மின்னழுத்தம் ÷ மின்னோட்டம் = மின்தடை

மின்னழுத்தம் × மின்னோட்டம் = மின்திறன் (வாட்ஸ்)

மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை = சூடாக மாறும் மின்திறன்

கெட்டிலை வைத்து ஒரு கணக்கு

தண்ணீர் கொதிக்க வைக்கும் எலக்ட்ரிக் கெட்டிலை எடுத்துக்கொள்வோம். தகட்டில் 230 வோல்ட், 1500 வாட்ஸ். 1500ஐ 230ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். இது அதில் ஓடும் மின்னோட்டம். 230ஐ இந்த 6.5ஆல் வகுத்தால் சுமார் 35 ஓம். இது அதன் மின்தடை. திருகாணி ஒன்றைக் கூடக் கழற்றாமல் கெட்டிலின் உள்விவரம் தெரிந்துவிட்டது.

தெரிந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். சாதாரணச் சிறு பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கு உரியது. 6ஐ 230ஆல் பெருக்கினால் 1380 வாட்ஸ். நம் கெட்டில் அதைத் தாண்டுகிறது. அதனால்தான் அதற்குப் பெரிய பின் வைத்த 16 ஆம்பியர் பிளக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய பின் சிறிய ஓட்டையில் நுழையவில்லை என்று கடையில் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டும் வழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. நுழையாமல் இருப்பதே அந்தப் பிளக் நமக்குச் சொல்லும் எச்சரிக்கை.

அடுத்தது லோ வோல்டேஜ். வீட்டு இணைப்புக்கு 230 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள விதி. அதாவது 216 முதல் 244 வரை. லைனின் கடைசி வீடுகளில் மாலை நேரத்தில் 180 வரை இறங்குவதையும் நான் அளந்து பார்த்திருக்கிறேன். அப்போது நம் கெட்டில் என்ன செய்யும்? அதன் தடை அதே 35 ஓம். 180ஐ வகுத்தால் 5.1 ஆம்பியர். மின்திறன் 180 × 5.1, அதாவது சுமார் 920 வாட்ஸ். அழுத்தம் குறைந்தது 22 சதவீதம், திறன் குறைந்ததோ 39 சதவீதம். அழுத்தம் குறையும்போது ஓட்டமும் கூடவே குறைவதால் அடி இரட்டையாக விழுகிறது.

ஒன்றரை லிட்டர் தண்ணீர் 230 வோல்ட்டில் ஐந்து நிமிடத்தில் கொதிக்கும். 180 வோல்ட்டில் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் மீட்டரில் ஏறும் யூனிட் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான், எட்டில் ஒரு பங்கு யூனிட். வோல்டேஜ் குறைந்தால் பில்லும் குறையும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கெட்டிலில் மிச்சமாவது ஒன்றுமில்லை, காத்திருப்பதுதான் அதிகம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கு கெட்டில், இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் போலச் சூடு தருவதற்கென்றே கம்பிச்சுருள் வைத்த பொருள்களுக்குத்தான் நேராகப் பொருந்தும். மின்விசிறி, ஃப்ரிட்ஜ் போன்ற மோட்டார் பொருள்களில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வரும் எண், வாட்ஸை விடக் கூடுதலாக இருக்கும். லோ வோல்டேஜில் ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் குறைவாக இழுக்காது, திணறிக்கொண்டு அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். பழைய குண்டு பல்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. 60 வாட்ஸ் பல்புக்குக் கணக்குப்படி 880 ஓம் வரும். எரியாத பல்பை மீட்டரில் வைத்துப் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இராது. இழை வெள்ளையாகக் காயும்போதுதான் அதன் தடை அவ்வளவு ஏறுகிறது. பிள்ளைகள் மீட்டரை வைத்து 'கணக்கு தப்பா இருக்கே' என்று வந்தால் இதைச் சொல்லுங்கள்.

கப்பலில் வரும் வெளிச்சம்

நம் தீவுகளுக்கு மெயின்லேண்டின் மின்வலையோடு இணைப்பு கிடையாது. இங்கே எரிவதை இங்கேதான் உண்டாக்கியாக வேண்டும். அதில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. அந்த டீசலும் நம் அரிசி, பருப்பு போலக் கப்பலில் வந்து இறங்குவதுதான். 2001ல் வட அந்தமானில் திக்லிபூர் அருகே கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் வந்தது. 2013ல் கராச்சர்மாவில் 5 மெகாவாட் சூரிய மின் நிலையம். நாம் நெய்வேலி என்றே சொல்லிப் பழகிய என்.எல்.சி. நிறுவனம் 2020ல் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைப் பேட்டரிகளோடு அமைத்தது. பழுப்பு நிலக்கரியை வெட்டி வளர்ந்த நெய்வேலி இங்கே வெயிலை அறுவடை செய்ய வந்ததில் நமக்குப் பெருமைதான்.

கல்போங்கின் 5.25 மெகாவாட் பெரிய எண்ணாகத் தெரியும். நம் கெட்டிலால் வகுத்துப் பாருங்கள், ஒரே நேரத்தில் 3500 கெட்டில், அவ்வளவுதான். டீசல் கணக்கும் அப்படியே. ஒரு லிட்டரில் மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை கிடைக்கும். ஏறக்குறைய முப்பது முறை கெட்டில் கொதிக்க ஒரு லிட்டர். நாம் கட்டும் பில் உற்பத்திச் செலவை விடக் குறைவு, மீதியை அரசு தாங்குகிறது. எனவே வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் யாரோ ஒருவர் கப்பலில் ஏற்றி அனுப்பியது.

ஆனால் நான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது வீணாகும் யூனிட் அல்ல. வீட்டுக்குள்ளே நமக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தடை.

உப்புக் காற்றும் களிம்பும்

தடை கெட்டிலில் மட்டும் இல்லை. வயரிலும் உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.018 ஓம். மெயின் போர்டிலிருந்து சமையலறை 15 மீட்டர் என்றால் போக வர 30 மீட்டர், மொத்தம் அரை ஓம் அளவில் வரும். 6.5 ஆம்பியர் ஓடினால் 6.5 × 6.5 × 0.5, சுமார் 21 வாட்ஸ் சூடு. அது 30 மீட்டர் நீளத்துக்கும் பரவிவிடுவதால் தொட்டாலும் தெரியாது.

இப்போது அதே அரை ஓம் வயரில் இல்லாமல், பிளக்கின் பின்னும் சாக்கெட்டின் பித்தளைத் தகடும் தொடும் இடத்தில் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சூடு அதே 21 வாட்ஸ். ஆனால் விரல்நுனி அளவு இடத்தில் அத்தனையும் குவிகிறது. ரேடியோ ரிப்பேர் செய்பவர்கள் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். அதில் ஒன்றை ஸ்விட்ச் போர்டுக்குள் வைத்து மூடியது போலத்தான் இது.

இப்படி ஒரு தடை எங்கிருந்து வருகிறது? திருகாணி தளர்வதால் வரும். சாக்கெட்டின் தகடு விரிந்து பின்னைப் பிடிக்காமல் போவதால் வரும். நம் தீவில் இன்னொரு காரணம் சேர்ந்துகொள்கிறது. வருடத்தில் பாதிக்கு மேல் மழை, எப்போதும் ஈரக் காற்று, அதில் கடலின் உப்பு. மதுரையில் இருபது வருடம் பளபளப்பாக இருக்கும் பித்தளைப் பின் இங்கே சில வருடங்களில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. இரும்புத் திருகாணி துருவேறுகிறது. களிம்பும் துருவும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்துவதில்லை. உள்ளே தடை ஏறுகிறது. தடை ஏற ஏறச் சூடு, சூடு ஏற ஏறத் தகடு தளர்ந்து மேலும் தடை. இது தானே வளரும் நோய்.

ஒரு சமையலறையில் கண்டது

எங்கள் தெருவில் ஒரு பலகை வீடு, தகரக் கூரை. அந்த வீட்டுத் தங்கை ஒரு நாள் வந்து, "அண்ணே, கெட்டில் போட்டா ஸ்விட்ச் போர்டு பக்கம் ஒரு வாடை வருது. கெட்டில கடையில காட்டுனேன், நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். 1500 வாட்ஸ் கெட்டில், ஒரு கன்வெர்ட்டர் வழியாகச் சிறிய சாக்கெட்டில் மாட்டியிருந்தது.

பிளக்குக்கும் கெட்டிலுக்கும் நடுவே மாட்டுவதற்கென்று ஒரு முழ நீள வயர் வைத்திருக்கிறேன். அதில் வைத்து அளந்தேன். கெட்டில் போடாதபோது 226 வோல்ட். போட்டதும் 211. ஓட்டம் 6.0 ஆம்பியர். ஆக, வழியில் தொலைந்தது 15 வோல்ட். 15ஐ 6ஆல் வகுத்தால் 2.5 ஓம்.

இதில் தெருக் கம்பத்திலிருந்து வரும் வயரின் பங்கும் உண்டு. அதைப் பிரிக்க, அதே கெட்டிலை முன்னறையில் மாட்டி அளந்தேன். 226 வோல்ட் 221 ஆனது, ஓட்டம் 6.3 ஆம்பியர். 5ஐ 6.3ஆல் வகுத்தால் 0.8 ஓம். கழித்தால் சமையலறைக்கு மட்டும் உரியது 1.7 ஓம். முன்னறையிலிருந்து சமையலறைக்கு 12 மீட்டர் வயர், போக வர 24 மீட்டர், அதற்கு 0.4 ஓம் நியாயமானது. மீதி 1.3 ஓம்? அதற்குக் கணக்கில் இடமே இல்லை. 6 × 6 × 1.3, சுமார் 46 வாட்ஸ். இரண்டு சோல்டரிங் அயர்ன் அளவுச் சூடு, பலகைச் சுவரில் பதித்த போர்டுக்குள்!

"மெயினை ஆஃப் பண்ணும்மா" என்று சொல்லிவிட்டு போர்டைக் கழற்றினேன். நியூட்ரல் திருகாணி களிம்பேறி, வயரின் மேலுறை இரண்டு அங்குல நீளத்துக்குக் கருகியிருந்தது. பலகையிலும் பழுப்பு நிறம் இறங்கியிருந்தது. கருகிய பகுதியை வெட்டி, செம்பு மின்னும் வரை சுத்தம் செய்து, புதிய 16 ஆம்பியர் சாக்கெட் போட்டேன். கன்வெர்ட்டர் குப்பைக்குப் போனது. மறுபடி அளந்தபோது 226 வோல்ட் 218 ஆனது, ஓட்டம் 6.2. எட்டை 6.2ஆல் வகுத்தால் 1.3 ஓம். முன்னறையின் 0.8ஐயும் வயரின் 0.4ஐயும் கூட்டினால் வருவதற்கு மிக அருகில் நின்றது. 24 மீட்டர் வயரைக் கெட்டிலின் பாரத்துக்கு ஏற்றபடி 2.5 சதுர மில்லிமீட்டருக்கு அடுத்த வாரம் மாற்றினோம்.

அந்தத் தங்கை அப்போது கேட்ட கேள்விதான் முக்கியமானது. "வீட்டுல பிரேக்கர் போட்டிருக்கோமே அண்ணே, அது ஏன் விழல?"

மறுபடி எண்களைப் பாருங்கள். பழுதான சாக்கெட்டில் ஓடியது 6.0 ஆம்பியர். நல்ல சாக்கெட்டில் 6.3. பழுது மின்னோட்டத்தைக் கூட்டவில்லை, குறைத்தது! பிரேக்கரும் ஃபியூஸும் ஓட்டம் அளவுக்கு மீறினால்தான் விழும். ஷாக் அடிக்காமல் காக்கும் இன்னொரு வகை பிரேக்கர், மின்சாரம் வெளியே கசிந்தால்தான் விழும். கெட்ட தொடுப்பில் இரண்டும் நடப்பதில்லை. பில்லிலும் தெரியாது, தினம் அரை மணி நேரம் கெட்டில் ஓடினால் அந்த 46 வாட்ஸ் மாதத்துக்கு ஒரு யூனிட் கூட ஆகாது. ஆகவே இந்தச் சூட்டைப் பிரேக்கரும் காட்டாது, பில்லும் காட்டாது. நம் மூக்கும் கையும் ஒரு வகுத்தல் கணக்கும்தான் காட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

மல்டிமீட்டர் முனையை சாக்கெட்டுக்குள் விடும் வேலை பழகாதவர்களுக்கு வேண்டாம். பிளக் போலவே செருகி, வோல்ட், ஆம்பியர், வாட்ஸ் மூன்றையும் காட்டும் சிறு மீட்டர்கள் இப்போது கடையில் கிடைக்கின்றன. 16 ஆம்பியர் தாங்கும் ஒன்றை வாங்கி நாலைந்து வீட்டார் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கெட்டிலோ இஸ்திரிப் பெட்டியோ போடாமல் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போட்டு, வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வோல்ட்டையும் கழித்து, ஆம்பியரால் வகுத்தால் அந்த சாக்கெட் வரை உள்ள தடை வரும். வோல்டேஜ் தானாகவே ஏறி இறங்கும் நேரமானால் இரண்டு மூன்று முறை பாருங்கள். அதே பொருளால் வீட்டில் உள்ள பெரிய சாக்கெட் ஒவ்வொன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாம் அரை ஓம், ஒரு ஓம் என்று அருகருகே இருந்து, ஒன்று மட்டும் இரண்டு ஓமைத் தாண்டி நின்றால், அந்த இடத்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். எல்லா சாக்கெட்டிலும் ஒரே மாதிரி அதிகமாக இருந்தால் மெயின் போர்டிலோ கம்பத்திலிருந்து வரும் இணைப்பிலோ குறை இருக்கலாம். அதை மின்துறைக்கு எழுதிக் கொடுக்கும்போது இந்த எண்களையும் சேர்த்து எழுதுங்கள். 'கரண்ட் சரியில்லை' என்ற மனுவை விட '226 வோல்ட் 205 ஆகிறது, ஓட்டம் 5.8 ஆம்பியர்' என்ற மனுவுக்கு மதிப்பு அதிகம்.

மீட்டர் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கெட்டிலை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்துப் பிளக்கை உருவி, பின்னைத் தொடாமல் பிளக்கின் உடலை மட்டும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை பொறுக்காத சூடு இருக்கக் கூடாது. பிளக் பழுத்திருந்தாலோ, சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறமிருந்தாலோ, மீன் கவிச்சி போல வாடை வந்தாலோ அந்த சாக்கெட்டை அன்றே நிறுத்திவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் வருடத்துக்கு ஒரு முறை மெயினை அணைத்து எல்லாப் போர்டுத் திருகாணிகளையும் ஓர் ஆளை வைத்து முறுக்கச் சொல்லுங்கள். அரை நாள் கூலிதான் ஆகும்.

அளந்து எழுதும் வேலையில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மீட்டரைப் பெரியவர் செருகட்டும், எண்ணைப் பிள்ளை எழுதட்டும், வகுத்தலைப் பிள்ளையே போடட்டும். பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் ஓம் விதி அப்போது மறக்காது. தாளின் தலைப்பில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள். 2024 செப்டம்பரில் நம் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. அதைச் சொல்லப் பழகிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்த மூன்று சொற்கள் கடினமா என்ன?